ஊர்க்கடிதம் போட்டே 127 வருஷம் ஓடிய பத்திரிகை

ஒரு பத்திரிகை. நிருபர் படை கிடையாது. பக்கங்களைப் பெரும்பாலும் நிரப்புவது வாசகர்கள் தபாலில் அனுப்பும் கடிதங்கள். மழை பெய்தது, கோதுமை விளைந்தது, பெரியப்பாவுக்குக் கால் வீக்கம் இன்னும் குறையவில்லை என்கிற மாதிரிக் கடிதங்கள். இப்படி ஒன்று எத்தனை வருஷம் தாக்குப்பிடிக்கும்? பத்திரிகை ஆபீஸ்களில் பக்கம் கட்டியே வயிறு வளர்த்தவன் நான், என்னைக் கேட்டால் மிஞ்சிப்போனால் இரண்டு வருஷம் என்பேன். ஆனால் 'மெனோனிட்டிஷே ருண்ட்ஷாவ்' என்ற ஜெர்மன் மொழிக் கிறிஸ்தவப் பத்திரிகை 1880-இல் தொடங்கி 2007 வரை வந்தது. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் பிறந்து, பென்சில்வேனியாவுக்குக் குடிபோய், அங்கிருந்து கனடாவின் வின்னிபெக்குக்கு வந்து கண்ணை மூடியது. வாசகர்கள் எப்படி ஊர் ஊராக மூட்டை கட்டினார்களோ அப்படியே பத்திரிகையும் கட்டியிருக்கிறது.

பழைய இதழ்கள் ஸ்கேன் செய்யப்பட்டு இணையத்தில் கிடைக்கின்றன. எனக்கு ஜெர்மன் அரைகுறைதான், ஆனாலும் கொஞ்ச நாளாக ராத்திரி சாப்பாடு முடிந்ததும் இதுதான் வேலை. சமயப் பத்திரிகை என்றாலே பிரசங்கமும் கண்டனமுமாக இருக்கும் என்ற நினைப்பில்தான் திறந்தேன். பிரசங்கமும் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் என்னைப் பிடித்து உட்கார வைத்தது அது இல்லை.

முதலில் இந்த மெனோனைட்டுகள் யார் என்று சொல்லிவிடுகிறேன். 16-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் சமயச் சீர்திருத்தம் நடந்தபோது கத்தோலிக்கர்களோடும் லூத்தரன்களோடும் சேராமல் தனியாகப் போன ஒரு கூட்டம். நெதர்லாந்தில் பாதிரியாராக இருந்து வெளியேறிய மென்னோ சைமன்ஸ் பெயரால் அழைக்கப்படுகிறார்கள். குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கக் கூடாது, வளர்ந்தபின் அவரவர் விரும்பி எடுக்க வேண்டும். சத்தியம் செய்யக் கூடாது. ஆயுதம் எடுக்கக் கூடாது. இந்தக் கடைசிக் கொள்கைதான் அவர்களை உலகம் முழுக்க ஓட வைத்தது. நெதர்லாந்திலிருந்து பிரஷியாவுக்கு, அங்கிருந்து ரஷ்யாவுக்கு. ராணி இரண்டாம் கேத்தரின் 1763-இல் அந்நியக் குடியேறிகளை வரவேற்று அறிக்கை விட்டார். ராணுவ சேவை வேண்டாம், நிலம் உண்டு, உங்கள் மதம் உங்களுக்கு. 1789-இல் நீப்பர் ஆற்றங்கரையில் கோர்ட்டிட்சா, 1804-இல் மொலோச்னா என்று இன்றைய உக்ரைன் மண்ணில் காலனிகள் எழுந்தன. வீட்டில் பேசியது தாழ் ஜெர்மன் வழக்கு, கோவிலிலும் பள்ளியிலும் உயர் ஜெர்மன். கோதுமையில் நன்றாகவே சம்பாதித்தார்கள்.

நூறு வருஷம் கூட முழுசாக நிம்மதி நீடிக்கவில்லை. 1870-களில் இரண்டாம் அலெக்சாண்டர் ஆட்சியில் எல்லோருக்கும் ராணுவ சேவை என்று சட்டம் வந்தது. 1873-இல் பன்னிரண்டு பேர் கொண்ட குழு ஒன்று வட அமெரிக்காவில் நிலம் பார்க்கக் கப்பல் ஏறியது. அடுத்த சில வருஷங்களில் சுமார் 18,000 பேர் கிளம்பிவிட்டார்கள். அதில் ஏறக்குறைய 7,000 பேர் கனடாவின் மனிடோபாவுக்கு. மீதிப் பேர் கான்சஸ், நெப்ராஸ்கா, மின்னசோட்டா, டக்கோட்டா பக்கம். கிளம்பாதவர்கள்தான் அதிகம், சுமார் மூன்றில் இரண்டு பங்கு. அண்ணன் கான்சஸில், தம்பி மொலோச்னாவில், அக்கா மனிடோபாவில் என்று குடும்பங்கள் மூன்றாகப் பிளந்து கிடந்தன.

இந்த இடத்தில்தான் ஜான் எஃப். ஃபங்க் வருகிறார். இவர் ரஷ்யாவிலிருந்து வந்தவர் இல்லை, பென்சில்வேனியாவிலேயே 1835-இல் பிறந்த மெனோனைட். சிகாகோவில் மர வியாபாரம் பார்த்துக்கொண்டிருந்தவர், 1864 ஜனவரியில் ஆங்கிலத்தில் ஒன்றும் ஜெர்மனில் ஒன்றுமாக இரட்டைச் சமயப் பத்திரிகை தொடங்கினார். 1867-இல் வியாபாரத்தை விட்டுவிட்டு இண்டியானாவின் எல்க்ஹார்ட் நகரத்துக்கு அச்சகத்தோடு போய்ச் சேர்ந்தார். 1873-இல் நிலம் பார்க்க வந்த குழுவோடு சேர்ந்து கொஞ்ச தூரம் சுற்றியவர், அப்புறம் வந்திறங்கிய ஆயிரக்கணக்கானவர்களுக்கு உதவிப் பணம் திரட்டிக் கொடுத்தவர். பக்தியும் வியாபாரமும் அவருக்கு ஒரே கணக்கில்தான் ஓடியது என்று நினைக்கிறேன். இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஜெர்மன் படிக்கத் தெரிந்த, படிக்க வேறொன்றும் கிடைக்காத பத்தாயிரம் பேர் புல்வெளியில் வந்து இறங்கியிருக்கிறார்கள் என்றால் ஒரு அச்சகக்காரன் கண்ணுக்கு அது என்னவாகத் தெரியும்? 1878-இல் நெப்ராஸ்காவில் குடியேறியவர்களுக்காக ஒரு சின்னப் பத்திரிகை தொடங்கினார். 1880-இல் அதையே பெயர் மாற்றி, நெப்ராஸ்கா என்ற எல்லையை எடுத்துவிட்டு, 'ருண்ட்ஷாவ்' ஆக்கினார். ஆசிரியராக உட்கார வைத்தது ஜான் எஃப். ஹார்ம்ஸ் என்பவரை. ரஷ்யாவிலிருந்து வந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. முதலில் மாதம் இருமுறை. 1883 முதல் வாரப் பத்திரிகை.

பென்சில்வேனியாக்காரர் முதலாளி, ரஷ்யாக்காரர் ஆசிரியர். இந்த ஏற்பாடுதான் ஃபங்க் செய்த புத்திசாலித்தனமான காரியம். இரண்டு கூட்டத்துக்கும் ஒரே மதப்பெயர்தானே தவிர பேச்சு, சாப்பாடு, உடை எல்லாமே வேறு. வந்தவர்களின் ஊர்ப்பெயர்களும் குடும்பப்பெயர்களும் ஆசிரியருக்குத் தெரிந்திருந்தால்தான் யார் யாருக்கு எழுதுகிறார் என்பது புரியும், எதை வெட்டலாம் எதை வெட்டக் கூடாது என்பதும் தெரியும்.

இனி பக்கத்துக்கு வருவோம். பழைய இதழ் ஒன்றைத் திறந்தால் முதலில் கண்ணை உறுத்துவது எழுத்துரு. ஃபிராக்டூர் என்கிற அந்தப் பழைய கோணல் எழுத்து. அதில் 'எஸ்' எழுத்துக்கு நீளமான ஒரு வடிவம் உண்டு, 'எஃப்' மாதிரியே இருக்கும், நடுவில் ஒரு சின்னக் கோடு மட்டும்தான் வித்தியாசம். பழைய தமிழ் அச்சில் 'ணை', 'லை' எல்லாம் தும்பிக்கை தூக்கிக்கொண்டு நிற்குமே, இன்றைக்குப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளிடம் கொடுத்தால் முழிக்குமே, அந்த மாதிரி. ஸ்கேன் செய்த பக்கத்தை எழுத்தாக மாற்றும் மென்பொருள் இதில் திணறி, பாதிச் சொற்களைக் கூழாக்கி வைத்திருக்கிறது. ஆகவே படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கித்தான் படிக்க வேண்டியிருக்கிறது. அதுவும் ஒரு வகையில் நல்லதுதான், நிதானமாகப் படிப்போம்.

நெருக்கமான பத்திகள். கடிதங்கள் இடவாரியாகப் பிரித்து அடுக்கியிருக்கும்: இன்ன மாநிலம், இன்ன ஊர், இன்ன தேதி. கடிதத்துக்கு ஒரு நிரந்தர வடிவம் உண்டு. ஆசிரியருக்கும் வாசகர்களுக்கும் சமாதான வாழ்த்து, பிறகு வானிலை, பிறகு பயிர், ஏக்கருக்கு எத்தனை புஷல், சந்தையில் என்ன விலை, யார் வீட்டுக்கு யார் விருந்தாளியாக வந்து போனார்கள், யார் படுத்திருக்கிறார், யார் எழுந்துவிட்டார். கடைசியில் தூரத்தில் இருக்கும் சொந்தங்களுக்கு ஒரு விசாரிப்பு. இன்ன கிராமத்து இன்னாருடைய மகன் இதைப் படித்தால் பதில் போடு, நீ உயிரோடு இருக்கிறாயா என்றே எங்களுக்குத் தெரியவில்லை என்கிற பாணியில் வரும் விசாரிப்புகள். முகவரி தெரியாதவருக்குக் கடிதம் போடுவது எப்படி? எல்லோரும் படிக்கும் இடத்தில் போட வேண்டியதுதான். பத்திரிகை ரஷ்யாவுக்கும் போயிற்று, அங்கிருந்தும் கடிதங்கள் வந்தன. ஒரு காசு தபால் செலவில் ஐம்பது சொந்தக்காரர்களுக்கு ஒரே நேரத்தில் சேதி சொல்லிவிடலாம்.

மரணச் செய்திகள் இன்னும் விசேஷம். இறந்தவரின் வயது இத்தனை வருஷம், இத்தனை மாதம், இத்தனை நாள் என்று கணக்காகப் போட்டிருக்கும். மணவாழ்க்கை எத்தனை வருஷம், முதல் மனைவி எப்போது போனார், இரண்டாம் கல்யாணம் எப்போது, பிள்ளைகள் எத்தனை, அதில் முன்னாலேயே இறந்துபோனவர்கள் எத்தனை, பேரப்பிள்ளைகள் எத்தனை. கடைசி நோய் எப்படி வந்தது, எத்தனை நாள் கஷ்டப்பட்டார், கடைசியாக என்ன சொன்னார் என்பதும் சில சமயம் இருக்கும். இன்றைக்கு வம்சாவளி தேடுகிறவர்களுக்கு இது தங்கச் சுரங்கம். ஆனால் அன்றைக்கு இதைப் படித்தவர்களுக்கு இது துக்கம் விசாரிக்கும் வழி. ஆறாயிரம் மைலுக்கு அந்தப்பக்கம் அப்பா இறந்துபோனார் என்றால் அடக்கத்துக்குப் போக முடியாது. குறைந்தபட்சம் எப்படி இறந்தார் என்று முழுசாகப் படிக்கலாம். அந்த நாள் கணக்குக்கு ஏன் அத்தனை அக்கறை என்பது இதை நினைத்துப் பார்த்தபோதுதான் எனக்குப் பிடிபட்டது.

நடுவில் ஒரு கிளைக்கதை, நம் பக்கம் தொடர்புள்ளது. 1896-97-இல் இந்தியாவில் பெரும் பஞ்சம் வந்ததே, அப்போது இதே எல்க்ஹார்ட் நகரத்தில் 1897-இல் ஒரு நிவாரணக் குழு அமைந்தது. ஜார்ஜ் லாம்பர்ட் என்பவர் நிவாரண உதவியை எடுத்துக்கொண்டு இந்தியாவுக்கு வந்து சுற்றிப் பார்த்து, திரும்பிப் போய் அந்தப் பஞ்சத்தைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதை 1898-இல் வெளியிட்டது ஃபங்கின் அச்சகம்தான். அதன் தொடர்ச்சியாக 1899-இல் மத்திய இந்தியாவின் தம்தரியில் மெனோனைட் மிஷன் தொடங்கியது. அதற்கு முன்பே, 1890 வாக்கில், ரஷ்யாவிலிருந்தே நேராக ஆபிரகாம் ஃப்ரீசன் என்பவர் நல்கொண்டாவுக்கு வந்து தெலுங்கு மக்களிடையே வேலை தொடங்கியிருந்தார். நம்மூரில் மிஷனரி என்றால் உடனே இங்கிலாந்தும் டென்மார்க்கும் ஜெர்மனியும்தான் நினைவுக்கு வரும். கோதுமை விவசாயிகளின் சில்லறைக் காசில் நடந்த மிஷன்களும் உண்டு.

1908-இல் பத்திரிகை பென்சில்வேனியாவின் ஸ்காட்டேலுக்குப் போனது. ஆசிரியர்கள் மாறினார்கள், வடிவம் பெரிதாக மாறவில்லை. அதைத் தாண்டிப் போகிறேன், ஏனென்றால் அடுத்து வருவதுதான் கதை.

முதல் உலகப் போர். அமெரிக்கா போரில் இறங்கியதும் ஜெர்மன் பேசுகிறவன் எல்லோரும் சந்தேகத்துக்குரியவன் ஆனான். அதிலும் துப்பாக்கி தூக்க மாட்டேன் என்கிற ஜெர்மன்காரன் என்றால் கேட்கவே வேண்டாம். கான்சஸில் மெனோனைட் கோவில்கள் மேல் மஞ்சள் பெயிண்டை ஊற்றினார்கள். 1917 அக்டோபர் சட்டப்படி வேற்றுமொழிப் பத்திரிகைகள் அரசைப் பற்றியோ போரைப் பற்றியோ எழுதினால் ஆங்கில மொழிபெயர்ப்பைத் தபால் அதிகாரியிடம் கொடுக்க வேண்டும். கனடா இன்னும் ஒரு படி மேலே போய் 1918 செப்டம்பரில் எதிரி மொழிப் பத்திரிகைகளுக்கே தடை போட்டது. 1919-இல் மெனோனைட்டுகள் நாட்டுக்குள் வரவே கூடாது என்று குடிவரவுத் தடையும் வந்தது. 1922-இல்தான், மெக்கன்சி கிங் பிரதமராக வந்த பிறகு, அதை நீக்கினார்கள்.

அதே வருஷங்களில் ரஷ்யாவில் நடந்தது வேறு ஒரு உலகம். புரட்சி, உள்நாட்டுப் போர், கொள்ளைக் கூட்டங்கள், டைபஸ் காய்ச்சல், அதற்கு மேல் 1921-22 பஞ்சம். கோதுமையில் கொழித்த காலனிகள் பிச்சைக்கு வந்துவிட்டன. 1920 ஜூலையில், மறுபடியும் அதே எல்க்ஹார்ட்டில், பல மெனோனைட் பிரிவுகள் ஒன்றுகூடி மத்திய நிவாரணக் குழு ஒன்றை அமைத்தன. இன்றைக்கும் உலகம் முழுக்க இயங்குகிறதே எம்.சி.சி., அதுதான் அது. உக்ரைனில் கஞ்சித்தொட்டிகள் திறந்தார்கள். உழுவதற்குக் குதிரைகளே மிஞ்சவில்லை என்பதால் 1922-இல் ஐம்பது ஃபோர்ட்சன் டிராக்டர்களைக் கப்பலில் அனுப்பினார்கள். இத்தனை வருஷம் மாமா சித்தப்பாவின் கால் வலி பற்றிப் படித்துக்கொண்டிருந்தவர்கள்தான் இந்தப் பணத்தைக் கொடுத்தவர்கள். செய்தியைப் படித்துவிட்டு இரக்கப்பட்டுக் கொடுத்த காசு இல்லை அது. பசியில் கிடப்பவரின் தாத்தா பெயர்வரை அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

1923-இல் அடுத்த பெரிய இடப்பெயர்வு. டேவிட் டேவ்ஸ் என்ற சபை மூப்பர், சஸ்காச்சுவானில் ரோஸ்தர்ன் என்ற சின்ன ஊரில் இருந்துகொண்டு, கனடியன் பசிபிக் ரயில்வேயோடு ஒரு ஒப்பந்தம் போட்டார்: கப்பலுக்கும் ரயிலுக்கும் ஆகும் செலவைக் கம்பெனி கடனாகக் கொடுக்கும், மெனோனைட்டுகள் உழைத்துத் திருப்பித் தருவார்கள். பிணை என்று கொடுத்தது ஏறக்குறைய வாய்ச்சொல்தான். ஏற்கனவே கனடாவில் வசதியாக இருந்தவர்களில் பலர் இதை எதிர்த்தார்கள், யார் வீட்டுக் கடனை யார் கட்டுவது என்று. 1930-க்குள் சுமார் 20,000 பேர் வந்து சேர்ந்தார்கள். இந்தச் சமயத்தில் 'ருண்ட்ஷாவ்' பத்திரிகையை ஹெர்மான் நொய்ஃபெல்ட் என்பவர் வாங்கி வின்னிபெக்குக்குக் கொண்டுவந்தார். 1924 ஜனவரியில் ரோஸ்தர்னில் புதிதாக ஒரு பத்திரிகையும் பிறந்தது. 'மெனோனைட் குடியேறிகளின் தூதன்' என்று பொருள்படும் பெயரில், டீட்ரிக் எப் என்ற பள்ளி ஆசிரியர் தொடங்கியது. அடுத்த வருஷமே குடியேறிகள் என்ற சொல்லை விட்டுவிட்டு வெறும் 'டேர் போட்டே' ஆகிவிட்டது. எப் 1955-இல் இறக்கும்வரை, 31 வருஷம், அவரே ஆசிரியர்.

இந்தக் கடன் விவகாரம் பத்திரிகைகளில் வருஷக்கணக்காக ஓடுகிறது. டேவ்ஸ் திரும்பத் திரும்ப எழுதுகிறார், கெஞ்சுகிறார், கண்டிக்கிறார்: நாம் வாக்குக் கொடுத்திருக்கிறோம், கட்டுங்கள். 1930-களில் மழையில்லை, கோதுமைக்கு விலையில்லை, கட்டுவதற்கு எங்கே போவது? பல வீடுகளில் மகள்களை நகரத்துக்கு வேலைக்கு அனுப்பினார்கள். பதினாறு பதினேழு வயதுப் பெண்கள், வின்னிபெக்கின் பணக்கார வீடுகளில் வீட்டு வேலை. அவர்களுக்காகச் சபைகள் 'மரியா-மார்த்தா', 'எபெனேசர்' என்று விடுதிகள் நடத்தின. வியாழக்கிழமை மத்தியானம்தான் லீவு, அன்றைக்கு எல்லாப் பெண்களும் விடுதியில் கூடுவார்கள், சம்பளத்தை ஊருக்கு அனுப்புவார்கள். கடன் 1946-இல்தான் தீர்ந்தது, அதுவும் ரயில்வே வட்டியில் பெரும்பகுதியைத் தள்ளுபடி செய்த பிறகு. டேவ்ஸுக்கு அப்போது வயது 76, அடுத்த வருஷம் இறந்துவிட்டார். சபை வரலாறுகளில் டேவ்ஸின் படம் பெரிதாக இருக்கும். என்னைக் கேட்டால் அந்தக் கடனை அடைத்ததில் முக்கால்வாசிப் புண்ணியம் பாத்திரம் கழுவிய அந்தப் பெண்களுக்குத்தான்.

1929 இலையுதிர் காலத்தில் சோவியத் யூனியனிலிருந்து எப்படியாவது வெளியேறிவிட வேண்டும் என்று 13,000-க்கும் மேற்பட்ட ஜெர்மன் விவசாயிகள் மாஸ்கோவைச் சுற்றி வந்து குவிந்தார்கள், பெரும்பாலும் மெனோனைட்டுகள். ஜெர்மனியின் தலையீட்டால் 5,700 பேர் அளவுக்கு வெளியே விட்டார்கள். மீதிப் பேரைச் சரக்கு வண்டியில் ஏற்றித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு கூட்டுப்பண்ணை, நாடுகடத்தல், முகாம்கள். அங்கிருந்து வந்த கடிதங்களை இரண்டு பத்திரிகைகளும் அச்சிட்டன. எழுதியவர் யாரென்று தெரிந்தால் ஆபத்து என்பதால் பல கடிதங்களில் பெயர் இருக்காது. ஐம்பது வருஷமாகப் பெயரும் ஊரும் அப்பா பெயரும் போட்டுக் கடிதம் அச்சிட்ட பத்திரிகையில் பெயரில்லாக் கடிதம். ஆனால் வடிவம் மட்டும் மாறவில்லை: வாழ்த்து, குளிர், சாப்பாடு எவ்வளவு கிடைக்கிறது, யார் இறந்தார்கள், விசாரிப்பு. பழக்கத்தில் வந்த அதே வரிசையில் சைபீரியாவிலிருந்து. 1937-38-இல் ஸ்டாலினின் பெரும் கைதுகளோடு அந்தக் கடிதங்களும் நின்றுவிட்டன.

இந்தப் பத்திரிகைகளைப் பற்றி நல்லதையே சொல்லிக்கொண்டு போனால் அது பொய்யாகிவிடும். அதே 1930-களில் 'டேர் போட்டே' பக்கங்களில் ஹிட்லரின் ஜெர்மனியைப் பாராட்டி கட்டுரைகளும் கடிதங்களும் வந்தன. காரணம் புரியாமல் இல்லை. போல்ஷ்விக்குகளிடம் சொத்தையும் சொந்தங்களையும் இழந்தவர்கள், 1929-இல் கைகொடுத்தது ஜெர்மனி, மொழி ஜெர்மன், கம்யூனிஸ்டுகளை ஒழிப்பேன் என்கிறான் ஒருவன். அதனால் வந்த மயக்கம். ஆனால் நானூறு வருஷம் வாள் எடுக்க மாட்டோம் என்று ஊர் ஊராக ஓடியவர்கள், யூதர்களைப் பற்றி என்ன பேசுகிறான் என்று கேட்டும் கேளாதது மாதிரி இருந்ததை எப்படி ஜீரணிப்பது? எதிர்த்து எழுதியவர்களும் இருந்தார்கள், அதுவும் அச்சாகியிருக்கிறது. வாசகர்கள் கையில் பக்கத்தைக் கொடுத்தால் இதுதான் நடக்கும். அவர்களுடைய பாசமும் ஏறும், வெறியும் ஏறும். பின்னாளில் ஃபிராங்க் எச். எப் என்ற மெனோனைட் பத்திரிகையாளரே இதை முனைவர் பட்ட ஆய்வாக எடுத்து 1965-இல் எழுதினார். வெளியாள் யாரும் வந்து தோண்டுவதற்கு முன் சொந்தச் சபைக்காரரே தோண்டியதை மெச்சத்தான் வேண்டும்.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது உக்ரைனிலிருந்து ஜெர்மன் படையோடு மேற்கே ஓடிவந்திருந்த சுமார் 35,000 பேரில் பெரும்பாலானவர்களைச் சோவியத் படை பிடித்துத் திருப்பி அனுப்பிவிட்டது. தப்பியது 12,000 பேர் அளவில். ஐரோப்பாவின் அகதி முகாம்களில் இருந்தவர்களின் பெயர்ப்பட்டியல்களை எம்.சி.சி. ஆட்கள் அனுப்ப, பத்திரிகைகள் அதைப் பத்தி பத்தியாக அச்சிட்டன. பெயர், பிறந்த வருஷம், கிராமம், கனடாவில் தேடும் உறவு. 1926-இல் பிரிந்த தங்கையின் பெயரைப் பொடி எழுத்தில் கண்டுபிடிப்பதற்காக ஒரு குடும்பமே மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும். 1955-இல் ஜெர்மன் தலைவர் அடினாவர் மாஸ்கோ போய் வந்த பிறகு சோவியத் யூனியனிலிருந்து மறுபடி கடிதங்கள் வரத் தொடங்கின. சில வீடுகளில் அப்பா 1938-லேயே இறந்துவிட்டார் என்பது அப்போதுதான் தெரிந்தது.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாக் குடியேறிப் பத்திரிகைகளுக்கும் நடப்பதுதான். பிள்ளைகள் ஆங்கிலத்தில் பேசினார்கள், பேரப்பிள்ளைகள் ஆங்கிலத்தில் ஜெபித்தார்கள். ஞானஸ்நான வகுப்பை எந்த மொழியில் நடத்துவது என்று சபைகளில் வருஷக்கணக்காகச் சண்டை. 1953-இல் 'கனடியன் மெனோனைட்' என்று ஆங்கில வார இதழ் வந்தது, ஆசிரியர் நான் மேலே சொன்ன அதே ஃபிராங்க் எப். 'ருண்ட்ஷாவ்' 1945-லிருந்து மெனோனைட் பிரதரன் என்ற உட்பிரிவுச் சபையின் கைக்குப் போயிருந்தது. 'டேர் போட்டே' 1947-இல் ஜெனரல் கான்பரன்ஸ் என்ற இன்னொரு மெனோனைட் பிரிவின் பத்திரிகையாகிவிட்டது. அதனால் நஷ்டத்தைத் தாங்கிக்கொள்ள ஆள் இருந்தது, அவ்வளவுதான். வாரப் பத்திரிகை மாதப் பத்திரிகை ஆயிற்று, மரண அறிவிப்பு வருவோர் பட்டியலும் சந்தாதாரர் பட்டியலும் ஒன்றாகிக்கொண்டே வந்தன. 'ருண்ட்ஷாவ்' 2007-இல் நின்றது, 'டேர் போட்டே' 2008-இல். இணையம் வந்து கொன்றது என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. படிக்கத் தெரிந்தவர்கள் தீர்ந்துபோனார்கள்.

ஆனால் இதே கூட்டத்தில் இன்னொரு கிளை உண்டு, அங்கே கதை முடியவில்லை. மனிடோபா அரசு 1916-இல் பள்ளிகளில் ஆங்கிலத்தைக் கட்டாயமாக்கியபோது, இதற்காகவா ரஷ்யாவை விட்டு வந்தோம் என்று கிளம்பிய பழமைவாதிகள் 1922 முதல் மெக்சிகோவுக்கும், சிலர் பராகுவேக்கும் போனார்கள். அவர்களுக்கும் மனிடோபாவில் மிச்சமிருந்த சொந்தங்களுக்கும் இடையே கடிதம் சுமந்தது 'ஸ்டைன்பாக் போஸ்ட்' என்ற பத்திரிகை. அது 1967-இல் நின்றது. இதற்கிடையில் மெக்சிகோவில் நிலம் போதாமல் பெலிஸ், பொலிவியா என்று பரவினார்கள், ஒரு பகுதியினர் வேலை தேடிக் கனடாவுக்கே திரும்பி வந்தார்கள். 1977-இல் எம்.சி.சி. கனடா இவர்களுக்காக ஸ்டைன்பாக்கில் 'டீ மெனோனிட்டிஷே போஸ்ட்' தொடங்கியது. அது இன்னும் வருகிறது, ஜெர்மனில்தான்.

பொலிவியாவின் சில காலனிகளில் இன்றைக்கும் கரண்டு கிடையாது, குதிரை வண்டிதான், டிராக்டருக்கு ரப்பர் டயர் போடக் கூடாது. வீட்டில் தாழ் ஜெர்மன், கோவிலில் உயர் ஜெர்மன், சந்தையில் ஸ்பானிஷ். ஒரு பெண்ணுக்கு ஒன்பது பிள்ளைகள் என்றால் ஐந்து நாட்டில் இருக்கும். அந்தப் பத்திரிகையைத் திறந்தால் பக்கம் பக்கமாகக் கடிதங்கள்: மழை எப்படி, சோயா எப்படி, யார் கல்யாணம், யாருக்கு ஆபரேஷன், மெக்சிகோவில் சிவாவா பக்கம் இருக்கிற அக்காவுக்கு ஏன் பதில் வரவில்லை. மேட்டர் போதவில்லை, பக்கம் காலியாக இருக்கிறது என்று அங்கே யாரும் தலையில் கை வைத்திருக்க மாட்டார்கள் என்று மட்டும் எனக்கு நிச்சயம்.